காஞ்சிபுரம் பதினாறு காதம்

எங்கள் பக்கம் வரப்போரத்தில் யாராவது ஒரு கல்லை நட்டால், நாலு வீட்டுக்காரர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 2018-க்குப் பிறகு வந்த பழக்கம் இது. அந்த வருடம்தான் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு அளவுக் கல் நட ஆரம்பித்தார்கள். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய் என்றார்கள். பூலாவரி, பாரப்பட்டி, நிலவாரப்பட்டி, நாழிக்கல்பட்டி என்று பனமரத்துப்பட்டியைச் சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்களெல்லாம் தினமும் செய்தித்தாளில் அடிபட்டது அப்போதுதான். பகலில் நட்ட கல் ராத்திரியில் காணாமல் போன கதைகளும் உண்டு. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், சாலை போட அரசுக்கு அதிகாரம் உண்டு, நிலம் எடுக்க வேண்டுமானால் முறைப்படி புதிதாகத் தொடங்கட்டும் என்று சொன்னது. அதோடு பேச்சு அடங்கியது. கல்லைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் அடங்கவில்லை.

எட்டுவழி வேண்டுமா வேண்டாமா என்று நான் இங்கே பேசப் போவதில்லை. அதைப் பேசிப் பேசியே எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சு தேய்ந்துவிட்டது. நான் சொல்ல வந்தது இன்னொரு கல்லைப் பற்றி. இதே சேலம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், தலைவாசலுக்குப் பக்கம், வசிஷ்ட நதிக்கரையில் ஆறகளூர் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களுக்கு அதுதான் தலைநகரம். அங்கே ஒரு மைல்கல் உண்டு. மகதேசன் பெருவழி என்று சாலையின் பெயரையும், காஞ்சிபுரத்துக்குப் பதினாறு காதம் என்று தூரத்தையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தோடு நிறுத்தவில்லை. பதினாறு குழிகளையும் கூடவே குடைந்து வைத்திருக்கிறார்கள்.

நான் ரோட்டு வேலைக்காரன். இன்ஜினியர் இல்லை; கான்ட்ராக்டர்களிடம் சூப்பர்வைசராக இருந்து, ஜல்லி லோடு எண்ணியே தலை நரைத்தவன். ஆறகளூர்க் கல்லைப் பார்க்கப் போனபோது எங்கள் கேங்கில் தார் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர். ஆனால் அவர் கணக்கில் ஒரு லோடு தப்பாது. லாரி ஜல்லியைத் தட்டியதும் ஒரு கரித்துண்டை எடுத்துச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு கோடு இழுப்பார். நாலு கோடு ஆனதும் குறுக்கே ஒன்று. என் நோட்டுக் கணக்கும் அவர் சுவர்க் கணக்கும் இடித்தால் கான்ட்ராக்டர் சுவரைத்தான் நம்புவார்.

சேலம், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். கல்லின் முன் உட்கார்ந்து நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஒன்று பிடிபட்டால் அடுத்தது நழுவியது. பெரியவர் எழுத்துப் பக்கமே திரும்பவில்லை. குனிந்து குழிகளில் விரலை வைத்துக்கொண்டே போனார்.

“பதினாறு, தம்பி. என்னது, லோடா?”

“இல்லீங்கண்ணா, காதம். காஞ்சிபுரத்துக்கு.”

கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அப்போ இதை நட்ட சூப்பர்வைசர் கைநாட்டுக்காரனையும் கணக்குல வெச்சிருக்கான். நீ எத்தனை கல்லு நட்டே? ஒண்ணாவது எனக்குப் புரியறாப்பல நட்டியா?”

நியாயமான கேள்விதான். நாங்கள் நடும் கிலோமீட்டர் கல்லில் தலைப்பகுதிக்கு மஞ்சள் பூசினால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசினால் மாநில நெடுஞ்சாலை. படிக்காதவருக்கு அதில் கிடைப்பது அந்த வர்ணம் ஒன்றுதான். ஊர் தெரிய எழுத்து தெரிய வேண்டும், தூரம் தெரிய எண் தெரிய வேண்டும். இப்போது அதுவும் போய், கையில் போனை வைத்துக்கொண்டு அது சொல்லும் குரலுக்கு வண்டியைத் திருப்புகிறோம். கல்லைத் திரும்பிப் பார்ப்பவர் யார்?

அந்தக் கல்லின் கணக்கு எவ்வளவு சரி என்று வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஆறகளூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 170 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் காதம் ஒன்றுக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் வருகிறது. பாதை நேர்கோட்டில் போயிருக்காது. ஆறு, குன்று என்று வளைந்திருக்கும். ஒரு கிலோமீட்டரோ இரண்டோ கூட்டிக்கொள்ளலாம். பொதி ஏற்றிய மாடு ஒரு நாளில் இரண்டு காதம் கடந்தாலே பெரிது. ஆக, ஆறகளூரில் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பிய வியாபாரிக்கு எத்தனை ராத்தங்கல் வேண்டும், எத்தனை வேளைச் சோறு கட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழிகளிலேயே இருந்தது.

இது ஒற்றைக் கல்லும் இல்லை. தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழிக் கற்கள் கிடைத்திருக்கின்றன. நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று ஒரு கல், 27 காதம் என்று இன்னொரு கல். கோவைக்கு மேற்கே பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தபடி இருக்கும் பாறையில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. தமிழ் எழுத்தில் ஒரு தடவை, வட்டெழுத்தில் ஒரு தடவை. கணவாய்க்கு இந்தப் பக்கத்து ஆளும் படிக்கட்டும், அந்தப் பக்கத்து ஆளும் படிக்கட்டும் என்று செய்திருக்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகைக்கு நாம் இன்று செய்வதை அவர்கள் பாறையில் செய்தார்கள்.

இப்போது ரோமுக்குப் போவோம். நான் போனதில்லை, பாஸ்போர்ட்டும் கிடையாது. ஆனால் 2024 ஜூலையில் ரோம் டெல்லிக்கு வந்தது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவின் 46-வது கூட்டம் அந்த வருடம் டெல்லியில்தான் நடந்தது. அசாமின் அகோம் அரசர்களுடைய மொய்தாம் சமாதி மேடுகளுக்கு அங்கீகாரம் கிடைத்தது அதில்தான். நம் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அதே கூட்டத்தில் இத்தாலியின் அப்பியன் சாலையும் பட்டியலில் சேர்ந்தது. ஒரு ரோடு, உலகப் பாரம்பரியச் சின்னம்! அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்த ரோட்டின் மேல் தொழில்காரனின் பொறாமை ஒன்று ஒட்டிக்கொண்டது.

கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் என்ற ரோமானிய அதிகாரி தொடங்கிய சாலை அது. முதலில் ரோமிலிருந்து கப்புவா வரை 132 ரோமானிய மைல், இன்றைய கணக்கில் சுமார் 195 கிலோமீட்டர். நம் ஆறகளூர்–காஞ்சிபுரம் தூரத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பிறகு தென்கிழக்கே பிரிந்திசி துறைமுகம் வரை நீண்டது. எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லைப் பலகோணமாக உடைத்து, சந்து தெரியாமல் பதித்திருக்கிறார்கள். அகலம் நாலு மீட்டருக்குச் சற்று மேல். எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகலாம். நம் கிராமத்து ஒற்றைவழிச் சாலைக்கு இன்று போடும் தார் அகலம் 3.75 மீட்டர். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல், நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. ஜல்லி ரோட்டுக்கு நாங்கள் பின்பற்றியதும் இதே சூத்திரம்தான். தண்ணீர் நின்றால் ரோடு செத்தது என்பது இரண்டாயிரத்து முந்நூறு வருடமாக மாறாத விதி. அந்தச் சரிவை, எங்கள் பாஷையில் கேம்பரை, சரியாகப் பார்க்காத கான்ட்ராக்டர் அப்போதும் இருந்திருப்பான்.

அந்த ரோட்டைப் புனிதமாக்க வேண்டியதில்லை. படைகளை வேகமாகத் தெற்கே கொண்டுபோகப் போட்ட சாலை அது. கி.மு. 71-ல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகளின் கலகத்தை நசுக்கியபிறகு, பிடிபட்ட ஆறாயிரம் பேரை ரோமிலிருந்து கப்புவா வரை இதே சாலையோரத்தில் சிலுவையில் அறைந்தார்கள். பாதுகாப்பது என்றால் இதையும் சேர்த்துச் சொல்லித்தான் பாதுகாக்க வேண்டும். நம் பெருவழிகளும் பூப்பறிக்கப் போட்டவை அல்ல. படை போனது, சுங்கம் வாங்கினார்கள், ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் சரக்கைக் காக்கச் சொந்தமாக ஆயுதம் தாங்கிய வீரர்களை வைத்துக்கொண்டார்கள். காவல் இல்லாமல் கடக்க முடியாத வழி என்றுதானே அதற்கு அர்த்தம்?

இத்தாலிக்காரர்கள் ஆதியிலிருந்தே அந்த ரோட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ரோமில் மனை விலை ஏறியது. அப்பியன் சாலையின் இரண்டு பக்கமும் பணக்காரர்கள் பங்களா கட்டினார்கள், நீச்சல் குளம் வெட்டினார்கள், பழைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தோட்டத்துச் சுவரில் பதித்துக்கொண்டார்கள். அந்தோனியோ செதெர்னா என்ற பத்திரிகையாளர், தொல்லியல் படித்தவர், 1953-ல் ‘இல் மோந்தோ’ வார இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ‘அப்பியாவின் கேங்ஸ்டர்கள்’ என்று நேரடியாகத் தலைப்பு வைத்தார். எழுதிவிட்டு ஓயவில்லை; வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். 1965-ல் ரோம் நகரத் திட்டத்தில் சுமார் 2,500 ஹெக்டேர் நிலம் பொதுப் பூங்காவாகக் குறிக்கப்பட்டது. 1988-ல் பூங்கா சட்டப்படி அமைந்தது. 2024-ல் யுனெஸ்கோ. ஒரு கட்டுரைக்கும் ஓர் அங்கீகாரத்துக்கும் இடையில் எழுபது வருடம். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் ஒரு பகுதியில் கார்களை நிறுத்திவிடுகிறார்கள். ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், வண்டிச் சக்கரம் அரைத்த தடத்தில் குழந்தைகள் கால் வைத்துப் பார்க்கிறார்கள். டெல்லியில் கிடைத்த பட்டயத்தைவிட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தச் சாலை எங்கேயோ, பனமரத்துப்பட்டி எங்கேயோ என்று நீங்கள் கேட்கலாம். சேலம் மாவட்டம் கோனேரிப்பட்டியில் 1987-ல் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ரோமில் அடித்த காசு இங்கே எப்படி வந்தது? ரோமிலிருந்து தரைவழியாகத் தெற்கே துறைமுகம். கப்பலில் எகிப்தின் அலெக்சாந்திரியா. நைல் நதியில் ஏறி கோப்டோஸ். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனத்தைத் தாண்டிச் செங்கடல் துறைமுகமான பெரெனிகே. பருவக்காற்றைப் பிடித்து முசிறி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டு உள்பகுதி. இங்கிருந்து போகும்போது மிளகு, நீலக்கல், துணி. வரும்போது காசு. முசிறியில் ஏற்றிய சரக்கைப் பற்றிய இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தப் பத்திரம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ரோமானிய அரசு அந்தச் சரக்குக்குப் போட்ட சுங்கம் நாலில் ஒரு பங்கு. டோல்கேட்டில் நின்று புலம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கோனேரிப்பட்டிக் காசுகளில் ஒன்றாவது அப்பியன் சாலையில் யாராவது ஒரு வண்டிக்காரனின் இடுப்பில் குலுங்கியிருக்காது என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரு முனையைக் கழுவித் துடைத்து உலகத்துக்குக் காட்டுகிறார்கள். மறு முனையில் இருக்கும் நாம் நம் வழியை எங்கே வைத்திருக்கிறோம்?

இந்த இடத்தில் என் தொழில்காரர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள், அது சரியான மறுப்பும்கூட. ரோமானியன் கல் பதித்தான், அதனால் மிஞ்சியது. நம் பெருவழி மண் ரோடு. மூணு மழைக்குத் தாங்காத மண்ணை எட்டு நூற்றாண்டு கழித்து எங்கே போய்த் தேடுவது? எதைப் பாதுகாப்பது?

மண்ணைத் தேட வேண்டாம். வழி என்பது மேல்பரப்பு மட்டும் அல்லவே. வழியோரத்தில் இருந்தது என்ன? காதக் கல், சத்திரம், மண்டபம், கிணறு, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, புளியமரம், சுமைதாங்கிக் கல். சுமைதாங்கியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள், தலைச்சுமையோடு வருபவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து மறுபடி ஏற்றிக்கொள்கிற உயரத்தில். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நடுவது வழக்கம். சாலை அகலப்படுத்தும் வேலையில் அப்படிப்பட்ட கல் நிறையப் பார்த்தவன் நான். பொக்லைன் டிரைவருக்கு அது வெறும் மூணு கருங்கல்.

அந்தக் கற்கள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் வழி தானாகத் தெரியும். இன்னொரு சாட்சியும் இருக்கிறது, தாலுகா ஆபீஸில். கிராம வரைபடத்தைப் பிரித்துப் பாருங்கள். வண்டிப்பாதை, நடைபாதை என்று புறம்போக்கு நிலம் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பாம்பாக வளைந்து போகும். சர்வே நம்பர் உண்டு, அகலம் உண்டு. நிலத்தில் போய்ப் பார்த்தால் சிலது தார் ரோடாகியிருக்கும், சிலது பக்கத்து வயலுக்குள் போயிருக்கும், சிலதில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கும். எல்லா வண்டிப்பாதையும் பெருவழி அல்ல. ஆனால் ஒரு காதக் கல் பக்கத்தில் இருக்கிறது, பழைய மண்டபம் ஒன்று தள்ளி இருக்கிறது, இரண்டையும் இணைத்து ஒரு பாதைப் புறம்போக்கு ஓடுகிறது என்றால், அதற்கு அடுத்து தேவைப்படுவது தொல்லியல் துறையிலிருந்து விவரம் தெரிந்த ஓர் ஆளும் ஒரு நாள் நடையும்.

நான் சொல்ல வருவது இதுதான்: கல்லை மட்டும் காப்பாற்றுவது பாதி வேலை. காஞ்சிபுரம் பதினாறு காதம் என்று சொல்லும் கல்லைப் பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால், அது பொய் சொல்லும் கல்லாகிவிடும். அங்கிருந்து காஞ்சிபுரம் பதினாறு காதம் இருக்காதே! நடுகல்லை நகர்த்தினாலும் வீரன் வீரன்தான். மைல்கல்லுக்கு நின்ற இடம்தான் உயிர். அது நின்ற இடத்திலேயே, அது காட்டிய திசையில் கொஞ்சம் தூரமாவது நடக்கக்கூடிய வழியோடு இருக்க வேண்டும். ஒரு காதம் எல்லாம் கேட்கவில்லை. ஒரு கிலோமீட்டர் போதும். தார் வேண்டாம், பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம், செல்ஃபி பாயிண்ட் என்று கலர் எழுத்து வைக்காமல் இருந்தால் கோடி புண்ணியம்.

புது ரோட்டுக்கு எஸ்டிமேட் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அலைன்மென்ட் குறித்ததும் ஒரு குழு அந்த வழியே நடக்கும். வழியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பார்கள். மின்கம்பம் இத்தனை, குடிநீர்க் குழாய் இத்தனை மீட்டர், கிணறு இத்தனை, கோயில் இத்தனை, மரம் என்றால் சுற்றளவு வாரியாக. யுட்டிலிட்டி ஷிஃப்டிங் என்று அதற்குத் தனிக் கணக்கு, தனிப் பணம். நான் பார்த்த பட்டியல்களில் பழைய கல்லுக்கென்று ஒரு வரி இருந்ததில்லை. கம்பத்தை நகர்த்தப் பணம் ஒதுக்கும் நாட்டில், கல்லை நகர்த்தாமல் இருக்க ஒரு வரி எழுதினால் போதும். எழுத்து வெட்டிய கல், சுமைதாங்கி, பழைய மண்டபம், படிக்கிணறு: இருக்கிறதா, இல்லையா, சாலையின் எத்தனையாவது கிலோமீட்டரில். இருந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு நகல். தொல்லியல் இடங்களைப் பாதுகாக்க 1966-லேயே தமிழ்நாட்டுக்கென்று சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குக் குறையில்லை, ஜேசிபி வருவதற்கு முன்னால் தகவல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

1911-ல் சேலத்துக்குக் குடிநீர் கொடுக்கக் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல், அதையே சீமைக் கருவேலத்துக்குத் தாரை வார்த்தவர்கள் நாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்லைக் காப்பாற்றப் போகிறோமா என்று என் மச்சான் சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஏரியை மீட்பது பெரிய வேலை. வாய்க்கால், மலையோரத்து நீர்வரத்து, ஆக்கிரமிப்பு என்று ஆயிரம் சிக்கல். கல்லுக்கு ஒரு மேற்கூரையும் நாலு கம்பி வேலியும் போதும். பெரியதைச் செய்ய முடியாததால் சின்னதையும் செய்யாமல் விடுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எங்கள் ஒன்றியத்தில் ஜருகுமலை இருக்கிறது. அந்தப் பக்கம் ராசிபுரத்துக்கு மேலே போதமலை. ஓட்டுப் பெட்டியையும் பிறகு வாக்குப்பதிவு இயந்திரத்தையும் தலையில் சுமந்துகொண்டு தேர்தல் ஊழியர்கள் நடந்தே ஏறிய மலை அது. அதற்கு நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் சாலை போட அண்மையில்தான் வழி பிறந்தது. பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கிவந்த ஜனங்களிடம் போய்ப் பழைய பாதையின் அருமையைப் பேசினால் நம்மைத் துரத்தி அடிப்பார்கள். அடிக்கவும் வேண்டும். ரோடு போட்டுச் சோறு தின்றவன் நான். ரோடு வேண்டாம் என்று என் வாயால் வராது. போதமலைக்கு ரோடு நேற்றே போயிருக்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புது ரோடு வண்டி ஏறும்படி வளைந்து வளைந்து போகும். பழைய ஒற்றையடிப் பாதை நேராக ஏறும். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு இடம். ஒன்றைப் போட இன்னொன்றை அழிக்க வேண்டிய கட்டாயம் எப்போதும் இல்லை. அப்பியன் சாலைக்கும் இதே கதைதான். ரோமின் லாரிகளும் கார்களும் பக்கத்தில் இன்னொரு அப்பியா வழியே, புதிய அப்பியா வழியே போய்க்கொண்டிருக்கின்றன.

ஆறகளூருக்கு உடனடியாகச் செய்யக்கூடியது இருக்கிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் தலைவாசல் பிரிவில் சுற்றுலாவுக்கான பழுப்புப் பலகை நிற்கட்டும். மகதேசன் பெருவழி மைல்கல், காமநாதீஸ்வரர் கோயில், பக்கத்திலேயே தியாகனூர் புத்தர் சிலைகள் மூன்றையும் ஒரே பலகையில் எழுதலாம். ஒரு அரை நாளில் மூன்றையும் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று ஏற்காட்டுக்கே வருடா வருடம் ஓட்டிக்கொண்டு போகும் ஆசிரியர்கள் ஒரு வருடம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கட்டும். கல்லைத் தொட விடுங்கள். விரலால் எண்ண விடுங்கள். பதினாறு வந்ததும் அவர்களே கேட்பார்கள், ஒரு காதம் என்றால் எவ்வளவு சார் என்று. கணக்கு வாத்தியாருக்கு ஒரு வார வேலை.

இதற்கெல்லாம் சென்னையிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சுதந்திர தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் கிராம சபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலைக்கு நடுவில் ஒருவர் எழுந்து, நம் ஊர் எல்லையில் பழைய கல் எத்தனை இருக்கிறது, அதை ஒட்டிய பாதைப் புறம்போக்கு எந்த சர்வே நம்பரில் இருக்கிறது, இன்று அதில் யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் போதும். வி.ஏ.ஓ.விடம் வரைபடம் இருக்கிறது. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், நகல் ஒன்று வாங்கி வையுங்கள். அடுத்த தடவை அளவுக் கல்லோடு ஆள் வரும்போது அந்த நகலை எடுத்து நீட்டலாம்.